ஆகும் என்றுதான் சொன்னேன்

ஆகும் என்றுதான் சொன்னேன். ஆகலாம் என்று சொல்லவில்லை. ‘இந்த மிஷின் வெளியே வந்தா அடுத்த மாசத்துலேர்ந்து உங்களுக்கு சிப் வர்றது கஷ்டம் ஆகும் சார்.’ இவ்வளவுதான் நான் சொன்னது, என் வாயால், அம்பத்தூரில், தவமணி சாருடைய அறையில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆடி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. இப்போது என் மடியில் இருக்கிற நீல ஃபைலில், என் அஃபிடவிட்டில், மூன்றாம் பக்கம், ஒன்பதாவது பாராவில், ‘அப்போதைய சந்தைச் சூழலில் விநியோகத்தில் தாமதம் ஏற்படலாம் என்ற பொதுவான தகவலைப் பகிர்ந்துகொண்டேன்’ என்று இருக்கிறது, கீழே என் கையெழுத்து, பூங்கோதை இளவழகன், தேதி, இடம் சென்னை. நான் யாரிடமும் எந்தத் தகவலையும் பகிர்ந்துகொண்டதாக இதுவரை சொன்னதில்லை. சொன்னேன் என்பேன், பேசினேன் என்பேன். படிக்கும்போதே வேறு யாரோ பேசுவது மாதிரித்தான் இருந்தது, இருந்தும் கையெழுத்துப் போட்டேன், பேனா கூட எங்கள் கம்பெனிக்காரர்களுடையது, மூடியைத் திறந்தே கொடுத்தார்கள். விசாரணை ஆபீஸில் நாலாவது மாடி வராந்தா, மர பெஞ்ச், ஃபினாயில் வாசனை. சுவரில் இருக்கிற ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கீழே பெயிண்ட் டப்பா ஒன்றை வைத்திருக்கிறார்கள். வந்து உட்கார்ந்தபோது சொட்டு தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது, இப்போது தண்ணீரில் தண்ணீர் விழுகிற சத்தம், அப்படியென்றால் அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். விசாரணை அதிகாரி கேள்வி கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கு சிப் செய்து விற்கிற பெரிய கம்பெனி ஒன்று, தன் போட்டிக் கம்பெனியின் சிப்பை யாரும் வாங்கவிடாமல் மிரட்டியதா இல்லையா, அதுதான் வழக்கு. நான் அந்தப் பெரிய கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறவள், அதன் சாட்சி. பக்கத்தில் கம்பெனியின் வக்கீல் நிரஞ்சனி, முப்பது வயதுகூட இருக்காது, நல்ல பெண். எதிர் பெஞ்சில், வழக்குப் போட்ட தவமணி சார், எங்களிடம் சிப் வாங்கிக் கம்ப்யூட்டர் செய்தவர், சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு, கையில் துணிப்பை. எங்களுக்கு நடுவில் ஒன்பது அடி இருக்கும். வந்ததிலிருந்து அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருக்கிற தீயணைப்பு விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு மறுபடியும் முதல் வரிக்குப் போகிறார்.

நிரஞ்சனி மெதுவாகச் சொல்கிறாள், "மேம், டென்ஷன் ஆகாதீங்க. ‘ஆகலாம்’னுதான் சொன்னேன்னு சொன்னா போதும். அவ்வளவுதான் இன்னிக்கு நமக்கு வேலை." தலையாட்டுகிறேன். ஒரு எழுத்து, இரண்டு எழுத்து, அதற்குள் எவ்வளவு பெரிய கம்பெனி உட்கார்ந்துகொண்டுவிடுகிறது. ஆகலாம் என்றால் மழை வரலாம், பஸ் லேட்டாகலாம், யாருடைய கையிலும் இல்லாதது. ஆகும் என்றால் யாரோ செய்யப்போகிறார்கள். அன்றைக்கு அது எனக்குத் தெரியும், தவமணி சாருக்கும் தெரிந்தது. அந்த வருஷம் சிப் தட்டுப்பாடு. உலகத்தில் எங்கேயும் போதுமான சிப் இல்லை, கம்ப்யூட்டர் செய்கிற பெரிய ஆள் சின்ன ஆள் எல்லாரும் எங்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று வாராவாரம் ஒரு பட்டியல் போடுவோம். முன்னால் இருக்கிறவனுக்கு அந்த வாரமே சரக்கு, பின்னால் போனவனுக்கு மூன்று மாதம், அதற்குள் அவனுடைய வாடிக்கையாளர்கள் வேறு ஆளிடம் போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் சின்னக் கம்பெனி ஒன்று புது சிப்போடு வந்தது. எங்களுடையதைவிட விலை குறைவு, அது பெரிய விஷயமில்லை, விலையை எங்களால் சமாளிக்க முடியும். அது சூடாகாது. அதுதான் விஷயம். பதினாறு வருஷமாக எங்கள் சிப் சூடாகும், அதற்கு ஒரு விசிறி வேண்டும், விசிறி சத்தம் போடும், தூசி அடைக்கும், ஆறு மாதத்தில் நிற்கும். கிண்டி ஆபீஸ் கேன்டீனில் என் மேலதிகாரி கோதண்டபாணி சார் என்னைத் தனியாக உட்காரவைத்து, மோர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே சொன்னார், "அந்த சிப்பைப் போட்டு மிஷின் பண்றவன் யார் யார்னு உனக்குத் தெரியும். நேர்ல போ. மெயில் வேண்டாம், வாட்ஸப் வேண்டாம், எழுத்துல ஒண்ணும் வேண்டாம். கம்பெனி சொல்லுதுன்னு சொல்லாதே. உனக்காத் தோணினதை ஒரு நல்லெண்ணத்துல சொல்ற மாதிரி சொல்லு. உன் முகத்துக்கு நம்புவாங்க." அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் என் கணவர் இளவழகனிடம்கூடச் சொன்னேன், தெற்கு முழுக்க என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று. அவர் வினாத்தாள் திருத்திக்கொண்டிருந்தார், பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல், தலை நிமிராமல், "நல்லதுதானே" என்றார். நல்லது.

தவமணி சாருக்கு நல்ல எண்ணம் இருந்தது, நான் எடுத்துக்கொண்டு போனது அதன் முகமூடி. அந்த அறையை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். மேஜைமேல் பச்சை ரெக்சின், ஓரத்தில் ஸ்க்ரூடிரைவர் கீறல்கள், சுவரில் ஊழியர்களின் பிறந்தநாள் எழுதின காலண்டர், பதினெட்டுப் பேர். அவர் என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம், வாங்க, சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார், டிஃபன் டப்பா அளவு, வெளிர் நீலம். அதற்குத் ‘தும்பி’ என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் புது சிப்பைப் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு விற்கச் செய்த கம்ப்யூட்டர். ஆன் செய்தார். பிறகு எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். ஆடி மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மத்தியானம் இரண்டு மணிக்கு. "கேளுங்க" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "அதான்" என்றார், சிரித்தார், "சத்தமே இல்ல பாத்தீங்களா, உள்ள விசிறி கிடையாது." நான் மேலே கை வைத்துப் பார்த்தேன். நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். காரைக்குடியில் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாலிடரிங் அயர்ன் வைத்துக்கொண்டு ரேடியோ செய்தவள், விரல் நுனியில் இரண்டு தழும்பு இன்னும் இருக்கிறது. கை வைத்ததும் தெரிந்துவிட்டது. பூனைக்குட்டியின் வயிறு அளவுக்குத்தான் சூடு. நாங்கள் இத்தனை பேர் பதினாறு வருஷமாகச் செய்யாமல் விட்டதை அம்பத்தூரில் ஒரு மனுஷன் டிஃபன் டப்பாவுக்குள் செய்துவைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்தக் கையை எடுக்காமலேதான் அதைச் சொன்னேன். எடுத்துவிட்டா சொன்னேன்? இல்லை, எடுக்கவில்லை, உள்ளங்கை அதன்மேலேயே இருந்தது, கஷ்டம் ஆகும் சார் என்று சொல்லி முடிக்கிறவரை.  அவர் கேட்டார், "இது நீங்க சொல்றீங்களா, அவங்க சொல்றாங்களா?" நான் சொன்னேன், "நான்தான் சார் சொல்றேன். உங்க நல்லதுக்கு." அவர் எழுந்து போய் ஃபேனைப் போட்டார். டீ வந்தது. குடித்தேன். ஏலக்காய் போட்ட டீ, இரண்டாவது மடக்கில் நாக்கைச் சுட்டுக்கொண்டேன், இரண்டு நாளைக்கு எதைத் தின்றாலும் சப்பென்று இருந்தது.

அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருத்தியைப் போன மாசி மாதம் பார்த்தேன். வளசரவாக்கத்தில் சூப்பர் மார்க்கெட் பில் கவுண்டரில் சிவப்பு ஏப்ரன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். "மேடம், தவமணி சார் ஆபீசுக்கு வருவீங்களே, நான் தமயந்தி, அசெம்ப்ளி." என் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து சிவப்பு விளக்கில் காட்டிக்கொண்டே பேசினாள், பருப்பு, சோப்பு, பிஸ்கட். "அந்தத் தும்பியை முதல்ல ஆன் பண்ணினது நான்தான் மேடம். சார் என்னைத்தான் ஆன் பண்ணச் சொன்னாரு. லைட் எரிஞ்சதும் எல்லாரும் கை தட்டினாங்க." ஏன் கடைக்கு வரவில்லை அது என்று கேட்டேன், தெரியாதவள் மாதிரி. கேட்டுவிட்டேனே, என் நாக்கு அப்படிக் கேட்டது. அவள் சொன்னாள், "என்னமோ சிப் பிரச்சினைன்னாங்க. சார் அதை நிறுத்திட்டாரு, ஆனாலும் பழைய மிஷினுக்கும் சிப் வரலை. அப்புறம் பாதிப் பேரை அனுப்பிட்டாரு. அழுதாரு மேடம் அன்னிக்கு." பை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று எல்லாவற்றையும் கையில் அள்ளிக்கொண்டு வெளியே வந்து, பார்க்கிங்கில், ஸ்கூட்டி பக்கத்தில், பருப்புப் பாக்கெட்டையும் சோப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவர் நிறுத்திவிட்டார். நான் சொன்னதைக் கேட்டார், மிஷினை நிறுத்தினார், அப்படியும் எங்கள் ஆட்கள் அவரைப் பின்னால் தள்ளினார்கள், அவரைப் பார்த்து மற்றவர்கள் பயப்பட வேண்டுமே. அதுவரைக்கும் எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது, அவர் நிறுத்தாததால்தான் பின்னால் போனார், கேட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, நான் அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்று. அது பார்க்கிங்கில் போய்விட்டது.

அப்படியென்றால் ஏன் கையெழுத்துப் போட்டாய்? இதைத்தான் கேட்பார்கள். மாசியில் தெரிந்ததென்றால் வைகாசியில் ஏன் போட்டாய்? பயம், வேறென்ன. கம்பெனியின் பெரிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஜில்லென்று இருந்தது, எனக்கு முன்னால் பிஸ்கட் தட்டு, எல்லாரும் என்னை மேடம் என்றார்கள். பதினாறு வருஷத்தில் அந்த அறைக்குள் உட்காரச் சொல்லி என்னை யாரும் அழைத்ததில்லை. கௌரவம் மாதிரி இருந்தது, பயம் அப்படித்தான் வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. போன வாரம் நிரஞ்சனியின் ஆபீஸிலிருந்து தவறுதலாக வழக்குக் காகிதங்களின் மொத்தக் கட்டையும் எனக்கு அனுப்பிவிட்டார்கள், இருநூற்று சொச்சம் பக்கம், என்னுடையது மட்டுமல்ல, எல்லாருடையதும். கோதண்டபாணி சாருடைய அஃபிடவிட்டை நான் படித்தேன். ‘மேற்படி ஊழியர் விற்பனை ஆர்வ மிகுதியால் தன்னிச்சையாக ஏதேனும் கூறியிருப்பின் அதற்கு நிறுவனம் பொறுப்பாகாது. மேற்படி ஊழியரே அதைத் தன் சொந்தக் கருத்தாகக் கூறியதாகப் புகார்தாரரும் ஒப்புக்கொள்கிறார்.’ தவமணி சார் தன் புகாரில் மறைக்காமல் எழுதியிருக்கிறார், நான்தான் சார் சொல்றேன் என்று நான் சொன்னதை. அவர் உண்மையை எழுதினார், அந்த உண்மையைத்தான் இவர்கள் குடையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேற்படி ஊழியர். ஒரு வாரமாக அந்த வார்த்தைதான், பல் தேய்க்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, மேற்படி ஊழியர், மேற்படி ஊழியர். இப்போது என் பயம் வேறு. நான் இன்றைக்கு உள்ளே போய் மாற்றிச் சொல்லப்போவது உண்மைக்காகவா, கோதண்டபாணி என்னை மாட்டிவிட்டார் என்கிற கோபத்துக்காகவா? அவர் அப்படி எழுதாமல் இருந்திருந்தால் நான் பேசாமல் ‘ஆகலாம்’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேனா? போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இதை நேற்று இளவழகனிடம் கேட்டேன். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார், "கோபத்துல சொன்னா உண்மை பொய்யாயிடுமா? வேலை போகும். பொய் அஃபிடவிட் போட்டதுக்கு உன் மேல கேஸ்கூட வரும். அதைத் தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லு. தெரியாம சொல்லாதே." தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறேன். அந்தப் பயத்தை நான் எல்லாப் பக்கமும் தொட்டுப் பார்த்துவிட்டேன், எங்கே சூடு, எங்கே முனை என்று தெரியும், இனிமேல் அது என்னைப் புதிதாகச் சுட முடியாது.

"நிரஞ்சனி" என்றேன். "சொல்லுங்க மேம்." "நான் ஒன்பதாவது பாராவை மாத்திச் சொல்லப்போறேன். அன்னிக்கு நான் சொன்னது என்னவோ அதை அப்படியே சொல்லப்போறேன். யார் சொல்லச் சொன்னாங்கங்கறதையும்." அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், இல்லை, அவள் முகத்தில் ஒரு நொடி ஏதோ தளர்ந்தது, பிறகு வக்கீல் முகம் வந்தது. "மேம், அப்போ நான் உங்க வக்கீல் இல்ல, கம்பெனியோட வக்கீல். இதை நான் அவங்ககிட்ட சொல்லித்தான் ஆகணும்." "சொல்லும்மா. அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன்." எழுந்து மாடிப்படிப் பக்கம் போனாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, என் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது, தொடையில் வண்டு ஊர்கிற மாதிரி. கோதண்டபாணி சார். குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருடைய பழக்கம். "என்னம்மா பூங்கோதை, காலையில சாப்பிட்டியா?" சாப்பிட்டேன் சார் என்றேன். "குழப்பிக்காதே. உள்ள போ, எழுதியிருக்கறதைச் சொல்லு, வெளியே வா. வேற மாதிரி சொன்னா எல்லாம் உன் தலையிலதான் விழும். நீ சொன்னதுக்குச் சாட்சி இருக்கு, நான் சொன்னதுக்கு என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை. மோர் டம்ளர்தான் இருந்தது. "ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "அப்புறம்?" "ஒண்ணும் இல்லைன்னுதான் சொல்லப்போறேன். நீங்க சொன்னீங்க, ஆனா எழுத்துல ஒண்ணும் இல்லைன்னு."  "பதினாறு வருஷம்மா. கொஞ்சம் யோசி." யோசித்தேன் சார், யோசித்து யோசித்து ஒரே இடத்தில் வட்டம் போட்டுப் புல்லே முளைக்காத இடமாகிவிட்டது. அதைச் சொல்லவில்லை. "வரட்டும் சார்" என்றேன். "என்ன வரட்டும்?" "தலைமேல வர்றது." போனை அணைத்துப் பைக்குள் போட்டேன்.  

தண்ணீர் குடிக்க வேண்டும். மூலையில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருக்கிறது, எழுந்து போகிறேன், காகித டம்ளர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. பின்னால் செருப்புச் சத்தம், தவமணி சார், அவரும் தண்ணீருக்கு. தலைமுடி நன்றாக நரைத்துவிட்டது, அன்றைக்கு இவ்வளவு இல்லை. விலகிக்கொள்ள நினைத்தேன், இடம் இல்லை, சுவர். அவர் என் கையிலிருந்து டம்ளர் அடுக்கை வாங்கி, அடியில் ஒரு தட்டுத் தட்டி, ஒன்றைப் பிரித்து என்னிடம் கொடுத்தார். பேசக்கூடாது என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் சொல்லியிருப்பார்கள், அவர் பேசினார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "மேடம், ஒண்ணே ஒண்ணு. கேஸைப் பத்தி இல்ல." "கேளுங்க சார்." "அன்னிக்கு நீங்க கை வச்சுப் பார்த்தீங்களே. நீங்க எலெக்ட்ரானிக்ஸ்காரங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சா?" இரண்டு வருஷமாக இந்த மனுஷன் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மிரட்டினாயே என்று இல்லை, ஆட்களை அனுப்ப வைத்தாயே என்று இல்லை. "ரொம்பப் பிடிச்சிருந்துச்சு சார்" என்றேன். "எங்ககிட்ட இருந்த எதையும்விட நல்லா இருந்துச்சு." அவர் தலையை ஆட்டினார், குடித்தார், டம்ளரைக் கசக்கித் தொட்டியில் போட்டார். மன்னித்துவிடுங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டால் இங்கேயே, இந்தக் கேன் பக்கத்திலேயே விஷயம் முடிந்துபோன மாதிரி எனக்கு நிம்மதி வந்துவிடும், அந்த நிம்மதியோடு உள்ளே போனால் குரல் இறங்கிவிடும். வேண்டாம். நிம்மதி பிறகு வரட்டும், வராவிட்டாலும் போகட்டும். கதவைத் திறந்து ஒருவர் என் பெயரைக் கூப்பிடுகிறார், இரண்டு தரம், பூங்கோதை இளவழகன், பூங்கோதை இளவழகன், யாரோ தொலைந்துபோனவளைக் கூப்பிடுகிற மாதிரி.

அறை நான் நினைத்ததைவிடச் சின்னது. நீள மேஜை, அந்தக் கோடியில் விசாரணை அதிகாரி வில்வநாதன், ஐம்பது ஐம்பத்தைந்து இருக்கும், ஜலதோஷம், அடிக்கடி மூக்கைத் துடைக்கிறார். பக்கத்தில் தட்டச்சு செய்கிற அம்மா, நெற்றியில் விபூதி. தவமணி சார் ஓரமாக உட்காருகிறார். நிரஞ்சனி என் பக்கத்து நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டு உட்காருகிறாள், போனில் அவளுக்கு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் செய்யச் சொன்னார்கள், செய்தேன், என் குரல் சரியாகத்தான் இருந்தது. "இந்த அஃபிடவிட் உங்களுதுதானே? இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?" "ஒன்பதாவது பாரா உண்மை இல்ல சார்." நிரஞ்சனி எழுந்து, சாட்சி உடல்நிலை சரியில்லாமல் இருக்கலாம், வேறு தேதி வேண்டும் என்றாள். இருக்கலாம். மறுபடியும் அந்த ‘லாம்’. "எனக்கு உடம்பு நல்லா இருக்கு சார்" என்றேன். அவர் அவளை உட்காரச் சொன்னார். சொன்னேன். கேன்டீன், மோர், நேரில் போ, எழுத்தில் வேண்டாம், பச்சை ரெக்சின் மேஜை, ஆகும் என்றது, நான்தான் சார் சொல்றேன் என்றது, எல்லாம். தட்டச்சு ஓசை என் பின்னாலேயே ஓடிவந்தது, நான் நிறுத்தினால் அதுவும் நின்றது. "முன்னாடி பொய்யா கையெழுத்துப் போட்டதை ஒத்துக்கறீங்களா? அதோட விளைவு தெரியுமா?" "ஒத்துக்கறேன் சார். தெரியும்." "கோதண்டபாணி சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?" "இல்ல சார்." அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு கம்பெனி கொடுத்திருந்த கட்டைத் தனக்கு முன்னால் இழுத்து, நடுவில் எங்கேயோ கொடி ஒட்டியிருந்த பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். "இது என்னன்னு பாருங்க." பார்த்தேன். எங்கள் வாராந்திரப் பட்டியல், அந்த ஆடி மாதத்துக் கடைசி வாரம். நாற்பத்து நான்கு பெயர்கள், யாருக்கு எப்போது சரக்கு என்று. போன வாரம் இந்தக் கட்டைப் புரட்டியபோது மேற்படி ஊழியர் என்கிற வார்த்தையிலேயே நின்றுபோய் இந்தப் பக்கம் வரை நான் வரவே இல்லை. "ஏழாவது பத்திக்குத் தலைப்பு இல்ல. சில பேருக்கு நேரா ‘எஸ்’னு ஒரு எழுத்து இருக்கு. உங்க கம்பெனி என்ன சொல்லுதுன்னா, எஸ்னா ஸ்மால், சின்ன வாடிக்கையாளர்னு. சரியா?"

என் எழுத்து அது. பட்டியலை நான்தான் போடுவேன், அந்த எழுத்தை நான்தான் அடிப்பேன். "இல்ல சார். எஸ்னா ஸ்போக்கன். நேர்ல போய்ப் பேசியாச்சுன்னு அர்த்தம். எஸ் போட்டதும் கோதண்டபாணி சார் எந்த வரிசையை எங்கே தள்ளணும்னு சொல்வார், அடுத்த வாரப் பட்டியலைப் பாருங்க, தவமணி சார் ஒன்பதாவது இடத்துலேர்ந்து நாற்பத்தொண்ணாவது இடத்துக்குப் போயிருப்பார்." அவர் பக்கத்தைத் திருப்பினார். விரலை வைத்துக் கீழே கீழே கொண்டுபோனார். நாற்பத்தொன்றில் விரல் நின்றது. தவமணி சார் நாற்காலியில் அசைகிற சத்தம் கேட்டது. "சின்ன வாடிக்கையாளர்னா நாலாவது வரிசையில இருக்கிறவங்களுக்கும் எஸ் இருக்கே, அவங்க பெரிய ஆளாச்சே" என்று வில்வநாதன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாக, மணி கேட்கிற மாதிரி கேட்டார், "மொத்தம் எத்தனை எஸ் இருக்கு?" நான் எண்ண ஆரம்பித்தேன். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து, காலையிலிருந்து என்ன, மாசியிலிருந்து, நான் ஒரே ஒரு மனுஷனைத்தான் சுற்றி வந்துகொண்டிருந்தேன், ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு வார்த்தை. ஆகுமா ஆகலாமா என்று அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தது எதற்காக என்று இப்போது தெரிகிறது. இந்தப் பத்தியைப் பார்க்காமல் இருப்பதற்காக. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பஸ், ஒரு வாசல், செருப்பைக் கழற்றிப் போட்ட இடம், யாரோ கொண்டுவந்து வைத்த டம்ளர். எட்டு, ஒன்பது. பதினொன்று. "பதினொண்ணு சார்." "எல்லார்கிட்டயும் நீங்கதான் போய்ப் பேசினீங்களா?" நிரஞ்சனி என்னைப் பார்க்கிறாள், வேண்டாம் என்கிற பார்வையா சொல் என்கிற பார்வையா தெரியவில்லை. ஒருவருக்குச் சொன்னதை ஒத்துக்கொண்டுவிட்டேன், அது தைரியம் என்று நேற்று ராத்திரி நினைத்துக்கொண்டேன். பதினொருவரை ஒத்துக்கொண்டால் நான் யார்? அதுவும் எழுதப்படட்டும். "நான்தான் சார். எல்லார்கிட்டயும் இதே வார்த்தைதான். பட்டியல்ல கம்பெனி பேர்தான் இருக்கு, ஆள் பேர் இல்ல. நான் யார்கிட்டப் பேசினேன்னு ஒவ்வொருத்தர் பேரும் சொல்றேன்."

தட்டச்சு அம்மா புதுத் தாளுக்குப் போனாள். "மெதுவா சொல்லுங்கம்மா. இன்ஷியலோட, ஊரோட." பட்டியலை என் பக்கம் நன்றாக இழுத்துக்கொண்டேன். "கே. முத்துவீரப்பன், ஓசூர்." அடித்தாள். "எம். அப்துல் கஃபார், வேலூர்." அடித்தாள். "ஆர். சந்தானலட்சுமி, ஈரோடு. அந்தம்மா நான் சொல்றதைக் கேட்டுட்டு, மத்தியானம் ஆயிடுச்சே, சாப்பிட்டுட்டுப் போங்கன்னு இலை போட்டாங்க." விசைகள் நின்றன. தட்டச்சு அம்மா நிமிர்ந்து பார்த்து, "அது தேவையில்லம்மா, பேரும் ஊரும் போதும்" என்றாள்.

"இல்ல," என்றேன், "அதையும் எழுதுங்க."